எட்டுக் கிலோ கூடியது மருந்தாலா, தண்ணீராலா?

கேள்வி: 12 வயது பங்கனப்பள்ளி மா, கிணற்று வாய்க்கால் பாசனம். அடுத்தடுத்து நிற்கும் மரங்களில் 8 ஜோடி எடுத்து, ஜோடிக்கு ஒரு மரத்துக்கு மட்டும் நுண்ணூட்டக் கலவை தெளித்தேன். ஹோஸ் எட்ட வேண்டுமே என்று கிணற்றுப் பக்கத்து மரத்துக்கே அடித்தேன். அடித்த மரத்தில் கூடுதலாகக் கிடைத்தது ஜோடிவாரியாக 14, 9, −5, 17, 6, 11, −2, 14 கிலோ. சராசரி 8 கிலோ. இதை நம்பி 400 மரத்துக்கும் அடிக்கலாமா? — கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயி

பதில்: வணக்கம் ஐயா. மரத்துக்கு மரம் தனியாக எடை போட்டு எழுதி வைத்திருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். இரண்டு ஜோடியில் குறைந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள்.

மருந்தே அடிக்காவிட்டாலும் இரண்டு மரம் ஒரே அளவு காய்க்காது. அந்த இயல்பான ஏற்ற இறக்கத்தைத் தாண்டி இந்த 8 கிலோ நிற்கிறதா என்று பார்ப்பதுதான் டி-சோதனை. ஒவ்வொரு வித்தியாசத்திலிருந்தும் 8-ஐக் கழித்து, வர்க்கப்படுத்திக் கூட்டினால் 436. ஜோடி எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, 7-ஆல் வகுத்தால் 62.3. அதன் வர்க்கமூலம் 7.9. இதை 8-இன் வர்க்கமூலமான 2.83-ஆல் வகுத்தால் 2.79, இதுதான் திட்டப் பிழை, அதாவது தற்செயலாகவே சராசரி எவ்வளவு ஏறி இறங்கும் என்பதன் அளவு. சராசரி 8-ஐ இதனால் வகுத்தால் 2.87 வருகிறது. 8 ஜோடிக்கு, 5 சதவீத அளவில் (மருந்தால் பலனே இல்லாவிட்டாலும் நூற்றில் ஐந்து முறை தற்செயலாகத் தாண்டக்கூடிய எல்லை) டி-சோதனை அட்டவணை கேட்பது 2.36. உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. ஆக, இது வெறும் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

ஆனால் தற்செயல் இல்லை என்றால் மருந்துதான் காரணம் என்று ஆகிவிடாது. எட்டு ஜோடியிலும் கிணற்றுப் பக்கத்து மரத்துக்கே அடித்திருக்கிறீர்கள். வாய்க்காலில் தண்ணீர் முதலில் பாய்வதும் அந்த மரத்துக்குத்தான். கூடுதல் காய் தண்ணீரால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று எந்தக் கணக்காலும் இனிப் பிரிக்க முடியாது. எனக்கு உறுத்துவது இதுதான்.

அடுத்த பருவத்தில் ஒவ்வொரு ஜோடிக்கும் பூவா தலையா போட்டு, விழுகிற மரத்துக்கு அடியுங்கள். ஹோஸ் எட்டாவிட்டால் கைத்தெளிப்பான் போதும். மா ஒரு வருடம் நிறையக் காய்த்தால் மறுவருடம் காய்ப்பு குறையலாம். அதனால் அடிமரச் சுற்றளவோடு இந்த வருடக் காய்ப்பும் ஒத்துப்போகிற மரங்களையே ஜோடி சேருங்கள். சாரல் பக்கத்து மரத்தில் படாமல் காற்று அடங்கிய காலை நேரத்தில் தெளியுங்கள். முடிந்தால் 12 ஜோடி எடுங்கள். அப்புறம் எல்லாப் பறிப்பையும் கூட்டி மரத்துக்கு ஒரே எடையாக எழுதுங்கள். இரண்டே மரத்தில் நூறு நூறு காயை எடை போட்டு, 200 மாதிரி என்று கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அது இரண்டு மரத்தின் கதைதான், 200 ஆகாது.

செலவையும் பாருங்கள். 2.79-ஐ 2.36-ஆல் பெருக்கினால் 6.6. இதை 8-இலிருந்து கழித்தும் 8-உடன் கூட்டியும் பாருங்கள். அதாவது உண்மையான கூடுதல் மரத்துக்கு 1.4 கிலோவாகவும் இருக்கலாம், 14.6 கிலோவாகவும் இருக்கலாம். 1.4 கிலோ மாங்காய் விலையில் ஒரு மரத்து மருந்தும் ஆள்கூலியும் அடங்குமா? அடங்காதென்றால் இந்த வருடம் 400 மரத்துக்கும் வாங்காதீர்கள். சோதனை மரங்களுக்கு மட்டும் வாங்குங்கள்.