முறுக்கு ஆர்டர் கணக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது?

கேள்வி: வீட்டில் முறுக்கு செய்து விற்கிறேன். தீபாவளி ஆர்டர்களைச் சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) வைத்து, மகன் சொல்லிக்கொடுத்த பைத்தான் நிரல்மொழியில் கூட்டினேன். 12.50 சிங்கப்பூர் வெள்ளியும் 8.20 வெள்ளியும் சேர்ந்தால் 20.70 வர வேண்டும். ஆனால் 12.508.20 என்று வருகிறது. முழு எண்ணாக்கும் இன்ட் போட்டால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. என்ன செய்ய? – ஈசூன் வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கூட்டலில் தப்பில்லை. பைத்தானின் சிஎஸ்வி ரீடர் கோப்பில் உள்ள எதையும் சரமாகத்தான், அதாவது வெறும் எழுத்துக் கோவையாகத்தான் எடுத்துத் தரும். எண்களுக்கு நடுவே கூட்டல் குறி இருந்தால் கூட்டும். சரங்களுக்கு நடுவே இருந்தால் ஒட்டும்.

பிரின்ட் செய்து பார்த்தால் இது தெரியாது. சரமானாலும் எண்ணானாலும் திரையில் 12.75 என்றால் ஒரே மாதிரிதான் இருக்கும். டைப் என்ற செயற்கூறுக்குள் மாறியை, அதாவது மதிப்பை வைத்திருக்கும் பெயரைப் போட்டுப் பாருங்கள். எஸ்டிஆர் என்று வந்தால் சரம், இன்ட் என்றால் முழு எண், ஃப்ளோட் என்றால் தசம எண். குழப்பம் வந்தால் நான் முதலில் செய்வது இதைத்தான்.

இன்ட் ஏன் நின்றது? புள்ளி வைத்த சரத்தை அது ஏற்காது. ஃப்ளோட் ஏற்கும். ஆனால் 12.50க்கு முன்னால் வெள்ளிக் குறியோ, 1,250 என்பது போல நடுவில் காற்புள்ளியோ இருந்தால் அதுவும் நின்றுவிடும். ரிப்ளேஸ் கொண்டு முதலில் அவற்றை நீக்குங்கள்.

இருந்தாலும் பணக் கணக்கு என்பதால் ஃப்ளோட் வேண்டாம் என்பேன். அதில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 வரும், ஏனென்றால் பல தசமங்களை இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாது. டெசிமல் என்ற துல்லியமான தசம எண் வகையைப் பயன்படுத்துங்கள். ஒரு கவனம்: சரத்தை அப்படியே டெசிமலுக்குக் கொடுக்க வேண்டும். 8.20ஐ ஃப்ளோட் ஆக்கிவிட்டுக் கொடுத்தால் 8.19999 என்று நீளும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. டெலிவரிக்கு அஞ்சல் குறியீடும் அதே கோப்பில் இருக்கும் அல்லவா? அதை மட்டும் எண்ணாக்கிவிடாதீர்கள். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கத்துக் குறியீடுகள் பல 0வில் தொடங்கும். 079903ஐ இன்ட் ஆக்கினால் 79903தான் மிஞ்சும், ஆறு இலக்கம் ஐந்தாகிவிடும். கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் சரமாகவே இருக்கட்டும். எக்செலில் கோப்பைத் திறந்து சேமித்தாலே அந்த 0 போய்விடும். அப்படிப் போயிருந்தால், ஆறு இலக்கம் ஆகும்வரை முன்னால் 0 நிரப்பும் இசட்ஃபில் 6ஐச் சரத்தோடு சேர்த்தால் திரும்ப வந்துவிடும்.

பணம் கட்டியாச்சா என்று கோப்பில் ஒரு நெடுவரிசை வைத்திருந்தால் அதை, உண்மை அல்லது பொய் என்று ஆக்கும் பூல் கொண்டு மாற்றாதீர்கள். காலியாக இல்லாத எந்தச் சரமும் அதற்கு உண்மைதான். "இல்லை" என்ற சரத்தையும் கட்டியாச்சு என்றே எடுத்துக்கொள்ளும். "ஆம்" என்ற சொல்லோடு நேராக ஒப்பிட்டுப் பாருங்கள்.