பெட்டி கடைசியில்: வீட்டிலேயே கார் வேலை பார்ப்பவர்களுக்கான கேள்வி-பதில்

கேள்வி: சுவிஃப்ட் பெட்ரோல் வண்டி வெச்சிருக்கறனுங்க. ஃப்ரீ சர்வீஸ், வாரண்டி எல்லாம் முடிஞ்சிருச்சு. ஆயில், ஏர் ஃபில்டர், பேட்டரி, வீல் வேலையெல்லாம் வீட்டுப் போர்ட்டிகோவுலயே பாத்துக்கலாம்னு இருக்கறன். கையில 10,000 ரூபா இருக்குது. பெட்டியோட வர்ற பெரிய செட்டா ஒண்ணு வாங்கீரலாமுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

வேண்டாம். பெட்டியைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பணத்தில் பாதியை வண்டியைத் தூக்கும் சாமான்களுக்கு, அதாவது டிராலி ஜாக்கிக்கும் (சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கி), தூக்கிய வண்டியைத் தாங்கும் ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டுக்கும் முதலில் ஒதுக்கி வையுங்கள். மீதியில் ஸ்பேனர் வாங்கலாம். எத்தனை உருப்படி என்று பார்த்து வாங்கும் செட்டுகளில் உங்களுக்கு ஒருநாளும் தேவைப்படாதவைதான் அதிகம் இருக்கும். "108 உருப்படி" என்று போட்டிருந்தால், அதில் கணிசமான பங்கு ஸ்குரூ டிரைவர் முனைகளாக இருக்கும்.

ஜப்பான், கொரியா வழி வந்த கார்களில் திரும்பத் திரும்ப வருபவை 8, 10, 12, 14, 17, 19 எம்எம் அளவுகள். பேட்டரி டெர்மினலுக்கு 10, சுவிஃப்ட் வீல் நட்டுக்கு 19. ஹூண்டாய் வண்டி என்றால் வீல் நட்டு 21. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் நட்டே கிடையாது, 17 எம்எம் தலை போல்ட்டு. இன்னும் 13, 16, நட்சத்திர முனை எல்லாம் வேண்டியிருக்கும். ஆகவே, வண்டியோடு வந்த வீல் ஸ்பேனரைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வாங்க வேண்டியவை இவைதான்: 8 முதல் 19 வரை ஒருபக்கம் ரிங், மறுபக்கம் ஓப்பன் உள்ள ஸ்பேனர் செட், அதே அளவுகளில் மூணு நூல் டிரைவ் சாக்கெட்டுகள் (டிரைவ் என்பது கைப்பிடி மாட்டும் சதுரத் துளையின் அளவு; மூணு நூல் என்றால் 3/8 இஞ்ச்), ஒரு ராட்செட் (சாக்கெட்டைக் கழற்றி மாட்டாமலே முன்னும் பின்னும் ஆட்டி முறுக்கும் கைப்பிடி), 3 இஞ்சிலும் 6 இஞ்சிலும் எக்ஸ்டென்ஷன். சாக்கெட்டின் உள்ளே ஆறு பட்டை இருக்க வேண்டும். பன்னிரண்டு பட்டை சாக்கெட் நட்டின் முனைக்கு மிக அருகில் பிடிக்கும். துருவேறித் தேய்ந்த நட்டில் அது வழுக்கி, முனையை மழுங்கடித்துவிடும்.

அரை இஞ்ச் டிரைவ் பலமாயிற்றே, அதையே வாங்கலாமே என்று கடையில் சொல்வார்கள். அந்தப் பலம்தான் இங்கே ஆபத்து. 10 எம்எம் தலையுள்ள போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். 25 செ.மீ. நீளக் கைப்பிடியில் அது வெறும் 4 கிலோ அழுத்தம். கொஞ்சம் அசந்தாலும் போல்ட்டு ஒடியும், இல்லையென்றால் அலுமினிய உறுப்பில் மரை போய்விடும். அரை இஞ்ச் டிரைவ் வீல் நட்டுக்கும் பெரிய போல்ட்டுகளுக்கும் மட்டும்.

இவற்றோடு ஆயில் ஃபில்டரைக் கழற்ற அதற்குப் பொருந்தும் கப் (புது ஃபில்டரைக் கையோடு எடுத்துப்போய்ப் போட்டுப் பாருங்கள்), 6 லிட்டராவது கொள்ளும் வாயகன்ற தட்டு, புனல், டயர் கேஜ், மல்டிமீட்டர். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் சரியாக இருக்கிறது. ஸ்பார்க் பிளக் சாக்கெட்டுக்கு அவசரமில்லை. வாங்கும்போது உங்கள் பிளக் 16 எம்எம்மா 14 எம்எம்மா என்று பார்த்து, ரப்பரோ காந்தமோ உள்ள சாக்கெட்டாக வாங்குங்கள். ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர் போட வேண்டும். அதை மறப்பதால்தான் பலருக்கும் ஆயில் கசிகிறது. கசிவை நிறுத்தப் போல்ட்டை இன்னும் இறுக்கி, மரையையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: ஜாக்கி ஸ்டாண்டுக்குத் தனியாக் காசு போடணுமுங்களா? வீடு கட்டுன ஹாலோ பிளாக் கல்லு பத்து இருபது மீதி கெடக்குது. ஒவ்வொண்ணும் அத்தனை கனம், அதையே அண்டக் குடுத்துக்கலாம்ல?
– வாசகர், பல்லடம்

ஒருக்காலும் வேண்டாம். சுவர் கட்டும்போது ஹாலோ பிளாக்கின் மேல் பாரம் பரவலாக இறங்குகிறது, அதனால் தாங்குகிறது. காரின் அடிவிளிம்போ ஜாக்கியின் முனையோ ஒரே புள்ளியில் அழுத்தும். அப்போது கல் மெல்ல விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும். வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டுமே. டிராலி ஜாக்கியானாலும் ஒரு ரப்பர் சீல் போனால் வண்டி இறங்கிவிடும். தூக்குவது ஜாக்கி, தாங்குவது ஸ்டாண்ட். ஸ்டாண்ட் போடாத வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டக் கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. சுவிஃப்ட் போன்ற வண்டி ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. 2 டன் ஜாக்கி போதும். இன்னோவா போன்றவற்றுக்கு 3 டன். ஜாக்கியின் தாழ்ந்த உயரத்தை அளந்து பாருங்கள். டயர் காற்றில்லாமல் படுத்திருக்கும்போதும் அது அடியில் நுழைய வேண்டும், 14 செ.மீ.க்குக் கீழே இருந்தால் நல்லது. ஸ்டாண்டில் எழுதியிருக்கும் டன் கணக்கு ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று கேளுங்கள், சிலர் ஜோடிக்குச் சேர்த்தே எழுதுகிறார்கள். பல்லில் மாட்டும் நெம்புகோலோடு குறுக்கே செருகும் பூட்டு ஊசியும் இருக்கும் ஸ்டாண்ட் நம்பகமானது.

தூக்கும் முறை: சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுங்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கினால் அது பயனற்றுப் போகும். அதனால் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் கழற்றுவதானால், நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திவிடுங்கள். கதவுக்குக் கீழ் விளிம்பில் வெட்டு அடையாளம் இருக்கும்; ஜாக்கி வைக்கும் இடம் அதுதான். வண்டி ஏறும்போது ஜாக்கி கொஞ்சம் உருண்டு உள்ளே போக வேண்டும். போர்ட்டிகோவின் டைல்ஸ் பள்ளத்தில் அதன் சக்கரம் சிக்கினால் தலை விளிம்பிலிருந்து நழுவும். வழவழப்பான பிளைவுட் பலகை ஒன்றைக் கீழே விரித்தால் ஜாக்கியும் உருளும், டைல்ஸும் உடையாது. ஸ்டாண்டின் மேல் வண்டியை மெல்ல இறக்கி, அடியில் போகும் முன் பக்கவாட்டில் இரண்டு முறை தள்ளிப் பாருங்கள். ஆட வேண்டியது அப்போதே ஆடிவிடட்டும்.

கேள்வி: டார்க் ரெஞ்ச் அவசியந்தானுங்களா? பஞ்சர் கடையில யாரும் வெச்சிருக்கறதில்லையே.
– வாசகர், பெருந்துறை

அவசியம். நட்டை எவ்வளவு முறுக்கில் இறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் ஸ்பேனர் இது. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு: 70 கிலோ ஆள் 30 செ.மீ. வீல் ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் முறுக்கு 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். சின்னக் கார்களின் வீல் நட்டுக்கு வேண்டியது ஏறத்தாழ 85 முதல் 110 வரைதான். உங்கள் வண்டிக்கான சரியான எண் உரிமையாளர் கையேட்டில் இருக்கும். அளவுக்கு மேல் இறுகினால் ஸ்டட் (நட்டு ஏறும் மரைத்தண்டு) நீண்டு பலம் இழக்கும், பிரேக் டிஸ்க் கோணும், நடுவழியில் பஞ்சரானால் வீட்டுப் பெண்களோ பெரியவர்களோ கழற்றவே முடியாது.

அரை இஞ்ச் டிரைவில் 28 முதல் 210 வரை அளக்கும் ரெஞ்ச் பரவலாகக் கிடைக்கிறது. வீல் நட்டுக்கு அது சரி. ஸ்பார்க் பிளக் போன்ற சின்ன வேலைக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். அளவுகோலின் அடிப்பகுதியில் இந்த ரெஞ்சுகளின் கணக்கை நம்ப முடியாது. கழற்றுவதற்கு இதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. வைத்த அளவு வந்ததும் "டக்" என்று சத்தம் வரும், அத்தோடு நிறுத்துங்கள், இன்னொரு டக் வேண்டாம். வேலை முடிந்ததும் அளவைக் கடைசிக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளரும். ஸ்டட் மரையில் ஆயிலோ கிரீஸோ தடவாதீர்கள். அதே எண்ணில் நட்டு கூடுதலாக இறுகிவிடும். கைதவறிக் கீழே விழுந்தால் காலிபரேஷன் (காட்டும் அளவு சரிதானா என்ற சோதனை) பார்க்க வேண்டும். பம்ப்பும் மோட்டாரும் செய்யும் கோவையில் என்.ஏ.பி.எல். (சோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற லேப்கள் இருக்கின்றன.

கேள்வி: எங்க சித்தப்பா ரிக் வண்டியும் லாரியும் ஓட்டுனவரு. அவரோட பழைய ஸ்பேனர் ஒரு மூட்டை இருக்குது, எல்லாம் நல்ல இரும்பு. கார் வேலைக்கு ஆகுமுங்களா?
– வாசகர், திருச்செங்கோடு

அந்தக் காலத்து இரும்பு நல்லதுதான். ஆனால் மேலே பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 3/4, 9/16, 1/2 என்று பின்னத்தில் இருந்தால் இஞ்ச் கணக்கு. 3/4 என்பது 19.05 எம்எம், 19 நட்டுக்கு அச்சாகப் பொருந்தும். 5/16ஐ 8க்கும் 5/8ஐ 16க்கும் முயன்று பார்க்கலாம், பிடி சற்று இறுக்கமாக இருக்கும். 9/16 என்பது 14.29, 11/16 என்பது 17.46. இவை 14, 17 நட்டுகளில் ஏறும், ஆனால் லூசாகப் பிடித்து முனையைத் தின்றுவிடும். 1/2 என்பது 12.7, அது 13ல் ஏறவே ஏறாது, 12ல் போட்டால் சுழலும். ஆக 3/4ஐயும், பொருந்தினால் 5/16, 5/8ஐயும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தோட்டத்துப் பழைய மோட்டார் வேலைக்கு ஒதுக்குங்கள். நீளமான லீவர், சுத்தியல், உளி, பெஞ்ச் வைஸ் இருந்தால் விடாதீர்கள், அவற்றுக்கு இஞ்சும் எம்எம்மும் கிடையாது.

இதே விஷயம் உக்கடம் பழைய சாமான் கடைகளில் வாங்குபவர்களுக்கும் பொருந்தும். ஒரு புது 14 போல்ட்டும் 17 போல்ட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஓப்பன் ஸ்பேனரின் வாய் விரிந்திருந்தால் போல்ட்டில் போட்ட உடனே தெரிந்துவிடும். பழைய ஸ்பேனர் வாங்கலாம். பழைய ஹைட்ராலிக் ஜாக்கி மட்டும் வேண்டாம்.

கேள்வி: கயிறு மில்லுக்குப் பக்கத்து வீடுங்க. ஆனி ஆடிச் சாரல்ல ஸ்பேனரெல்லாம் பூத்துப்போகுது. டிராயர் வெச்ச ஸ்டீல் டிராலி வாங்கலாமா, இல்ல ஆசாரியை வெச்சு மரத்துல செய்யலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

உங்களுக்கு இரண்டு எதிரிகள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று ஒன்று. அதைவிடப் பொல்லாதது தேங்காய் நார்த்தூள். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பின் மேல் படிந்து கிடக்கும். ஆகவே, பார்க்க அழகாக இருக்கிறது என்று சுவரில் ஆணியடித்து ஸ்பேனரை வரிசையாகத் தொங்கவிடும் முறை உங்களுக்கு ஒத்துவராது. ஈரோடு, கரூர் பக்கம் வறண்ட இடங்களில் அது நன்றாக இருக்கும். உங்களுக்கு மூடிய டிராயர்தான்.

சாமான் குறைவாக இருக்கும் இந்த நிலையில் ஐந்து தட்டு மடிப்பு ஸ்டீல் பெட்டியே போதும். அதில் அடங்காத நாள் வந்தால் டிராலி வாங்குங்கள். கடையில் டிராயரை முழுவதும் வெளியே இழுத்து, உள்ளங்கையால் நுனியை அழுத்திப் பாருங்கள், தொங்கக் கூடாது. ஒரு டிராயர் திறந்திருக்கும்போது இன்னொன்று திறக்காத பூட்டு இருந்தால் மிக நல்லது. இரண்டு கனமான டிராயர் ஒன்றாகத் திறந்தால் டிராலி முன்பக்கம் சாய்ந்து காலில் விழும். கனமானவை எப்போதும் அடி டிராயரில்.

ஆசாரியிடம் செய்வதென்றால் 18 எம்எம் பிளைவுட், அதிலும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்). டிராயருக்கு 45 கிலோ தாங்கும் பால்பேரிங் சேனல். மேல் டிராயர்கள் உள்ளே 2 இஞ்ச் ஆழம் இருந்தால் போதும், ஆழம் கூடினால் சாக்கெட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவியும். கரையான் நம் செம்மண் வீடுகளில் சுவர் வழியாகவே ஏறிவிடும். அடியில் இரும்புக் கால் வைத்து, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்துங்கள்.

எந்தப் பெட்டியானாலும் வேர்வைக் கையோடு தொட்ட ஸ்பேனரைத் துடைக்காமல் உள்ளே போடக் கூடாது. மெல்லிய ஆயில் தொட்ட துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அதற்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டைவிட நல்ல துணி கிடையாது. கிலோ கணக்கில் வாங்கும்போது முழுப் பருத்தியாகப் பொறுக்குங்கள். பாலியெஸ்டர் கலந்தது ஆயிலை உறிஞ்சாமல் தேய்த்துவிட்டுப் போகும். ஆயில் துணியை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள். பிரேக் ஆயில் மட்டும் திறந்த பாட்டிலைச் சேமிக்க வேண்டாம், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும்.

கேள்வி: ஆன்லைன்ல வாங்குன செட்டுல ராட்செட் ரெண்டே மாசத்துல பல்லு வழுக்குதுங்க. "ஆயுள் வாரண்டி"ன்னு போட்டிருந்துச்சு. கேட்டா பதிலே இல்லை.
– வாசகர், திருப்பூர்

பில், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விவரம், வழுக்குவதைக் காட்டும் வீடியோ மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, எந்த நாட்டுச் சரக்கு என்பது பெட்டியில் இருந்தாக வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே அவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் பேசியதோடு விடாதீர்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

அடுத்த ராட்செட்டை கோவை நஞ்சப்பா ரோடு மாதிரி டூல்ஸ் கடை உள்ள இடத்தில் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். உள்பல்லுக்கு ரிப்பேர் கிட் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும் கம்பெனி ராட்செட்டாக இருந்தால், பல் தேயும்போது கிட் மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: கழட்டுன பழைய ஆயிலை என்ன பண்றதுங்க? வேலிக் கால்ல தடவுனா கரையான் வராதுங்கறாங்க.
– வாசகர், காங்கேயம்

வேண்டாம். அதில் உலோகத் துகளும் நச்சும் இருக்கிறது. மழையில் அடித்துக்கொண்டு மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். ஆயில் வந்த அதே டப்பாவில் ஊற்றி, பிரேக் ஆயில், கூலன்ட், பெட்ரோல் எதுவும் கலக்காமல் மூடி, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுங்கள். கலந்துவிட்டால் அவர்களும் வாங்க மாட்டார்கள். பழைய ஃபில்டரை ஒரு இரவு தட்டின் மேல் கவிழ்த்து வைத்து வடித்த பிறகு, அதையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.