எம்.ஜி.பி. ஹூட் ஒழுகுகிறதா? துணியை வாங்குமுன் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1974 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது. ஹூட்டின், அதாவது மடக்குத் துணிக்கூரையின், பின்பக்கப் பிளாஸ்டிக் மஞ்சளாகி, ஓரிடத்தில் தையலும் விட்டுவிட்டது. மழை பெய்தால் டிரைவர் பக்கக் கார்ப்பெட் ஊறிப்போகிறது. வீட்டுக்கே வந்து வேலை செய்யும் ஒரு ஃபிட்டர், ஃபிரேமோடு சேர்த்து மாற்ற வேண்டும், பாதித் தொகை முன்பணம் என்கிறார். இணையத்தில், 1962 முதல் 1980 வரை எல்லா எம்.ஜி.பி.க்கும் பொருந்தும் என்று ஒரு ஹூட் மலிவாகக் கிடைக்கிறது. நானே மாட்டலாமா? மாற்றினால் எம்.ஓ.டி. (ஆண்டு வாகனச் சோதனை) விலக்கு போய்விடுமா? (வாசகர், ஹாரோ, லண்டன்)

பதில்: விலக்கு போகாது. 40 வயது தாண்டிய வண்டிக்கு அந்த விலக்கைப் பறிப்பது சேஸி, ஆக்ஸில், ஸ்டீயரிங், எஞ்சின் போன்றவற்றில் கடந்த 30 ஆண்டுகளில் செய்த பெரிய மாற்றங்கள்தான். ஹூட் துணி அந்தக் கணக்கிலேயே வராது. நீங்களே மாட்டலாம், உதவிக்கு இன்னொருவர் வேண்டும். முன்பணம் கொடுக்காதீர்கள். அந்த இணைய ஹூட்டையும் வாங்காதீர்கள்.

ஆனால் முதலில் கார்ப்பெட். ஊறுவது ஹூட்டால்தான் என்று யார் முடிவு செய்தது? பானெட்டுக்கும் விண்ட்ஸ்கிரீனுக்கும் நடுவே ஹீட்டருக்குக் காற்று போக ஒரு கிரில் இருக்கிறது. மழைத் தண்ணீரும் அதன் வழியாகத்தான் உள்ளே இறங்கும். அடியில் இருக்கும் ரப்பர்க் குழாய் அதைக் கியர்பாக்ஸ் பக்கமாகக் கீழே வெளியேற்ற வேண்டும். ஐம்பது வருஷச் சருகும் மண்ணும் அதில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உங்கள் காலடிக்குத்தான் வரும். வெயில் நாளில் அந்தக் கிரிலில் மெதுவாக இரண்டு ஜக் தண்ணீர் ஊற்றிவிட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள். உடனே கொட்டினால் குழாய் சரி. சொட்டுச் சொட்டாக வந்தால் ஹூட்டை மறந்துவிட்டுக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கம்பியை வேகமாகக் குத்தாதீர்கள், பழைய ரப்பர் கிழிந்துவிடும்.

குழாய் சரியென்றால் அடுத்தது பூவாளி. பிரஷர் வாஷர் கூடாது. அது எந்த ஹூட்டையும் ஒழுக வைக்கும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். மற்றவர் கதவுக் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, மேலே போய், முன்பக்கத்துச் சின்ன முக்கோணக் கண்ணாடி மூலை, கடைசியாக விண்ட்ஸ்கிரீன் மேல்விளிம்பு என்று படிப்படியாக ஊற்றட்டும். மேலேயிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஓட்டை என்றே தெரியாது. பெரும்பாலும் தண்ணீர் அந்த முக்கோண மூலையில்தான் நுழைகிறது. அங்கே ரப்பர் தட்டையாகியிருக்கும், அல்லது கண்ணாடி சாய்வு மாறியிருக்கும். புதுத் துணி போட்டாலும் அது அப்படியேதான் ஒழுகும்.

ஃபிரேமை மாற்ற வேண்டும் என்பது ஃபிட்டர்கள் எல்லோரும் பாடுகிற பாட்டு. ஃபிரேமின் கம்பி வளைந்திருந்தாலோ, மூட்டு ரிவெட் ஆடினாலோ, முன்பக்க ஹெடர் ரெயில் (விண்ட்ஸ்கிரீன் மேல் உட்காரும் சட்டம்) துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ மட்டும் மாற்றுங்கள். ரெயிலின் இரண்டு முனைகளிலும் ரப்பரைச் சற்று விலக்கி ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பல வண்டிகளில் உண்மையான குறை, வளைவுக் கம்பிகளை அதனதன் இடத்தில் இழுத்துப் பிடிக்கும் நாடாப் பட்டைகள்தான். அவை தொய்ந்தால் கம்பி நகரும், துணி தொங்கும், வேகத்தில் படபடவென்று அடிக்கும். பட்டை சில பவுண்டுகளில் முடிகிற விஷயம். அதனால்தான் யாரும் அதைச் சொல்வதில்லை.

இனி அந்த எல்லா எம்.ஜி.பி.க்கும் பொருந்தும் ஹூட். அப்படி ஒன்று கிடையாது. தொடக்க கால வண்டிகளில் இரண்டு வகை இருந்தன: கம்பிகளைக் கழற்றி டிக்கியில் வைக்கிற வகை, சீட்டுக்குப் பின்னால் மடங்குகிற வகை. 1970-இன் பிற்பகுதியில் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த புது மடக்கு ஃபிரேம் வந்தது. மூன்றுக்கும் துணி வெட்டு வேறு. உங்களுடையது 1974 என்பதால் மூன்றாவது வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று விற்பவர் சொல்வார். நம்பாதீர்கள், போய்ப் பாருங்கள். எம்.ஜி.பி.களில் பெரும்பங்கு அமெரிக்காவுக்கு ஏற்றுமதியானவை. அவற்றில் பல பிற்பாடு இங்கே திரும்பி வந்து, வலப்பக்க ஸ்டீயரிங்குக்கு மாற்றப்பட்டவை. வழியில் எந்த ஃபிரேம் ஏறியது என்று பதிவுப் புத்தகம் சொல்லாது. 1988 முதல் புது பாடிஷெல்லும் விற்பனைக்கு வந்தது. துருப்பிடித்த பழைய பாடியை எறிந்துவிட்டுப் புதியதில் பாகங்களை ஏற்றிய வண்டிகளும் நிறைய. அப்படிப்பட்டவற்றில் ஹூட் மாட்டும் ஸ்டட்களை (அழுத்துப் பொத்தான்களை) ரிஸ்டோர் செய்தவர் தன் கைக்கு வந்த இடத்தில் துளைத்திருப்பார். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்குமே அரை அங்குலம் வித்தியாசம் இருக்கலாம். ஆகவே ஃபிரேமைப் படமெடுத்து அனுப்பி, அதைப் பார்த்து உறுதி சொல்கிற கடையில் மட்டும் வாங்குங்கள். ஓரங்களில் ஸ்டட் ஏற்கெனவே பதித்து வரும் ஹூட் வேண்டவே வேண்டாம்.

துணி: நல்ல வினைல் போதும். மோஹேர் என்று விற்பது இன்று அநேகமாக நடுவே ரப்பர் படலம் வைத்த அக்ரிலிக் துணி. விலை ஏறக்குறைய இரட்டிப்பு. நீண்ட நாள் உழைக்கும், பார்க்கவும் அழகுதான், ஆனால் தடிப்பு அதிகம். மடிக்கும்போது பின்னால் மூட்டைபோல் நிற்கும், முன் ரப்பரும் இறுக்கமாகும். துணி தயாரித்தவர் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்ல முடியாத கடையில் மோஹேர் வாங்குவது வீண் செலவு.

மாட்டும் நாள் 20 டிகிரிக்குக் குறையக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை பாருங்கள். குளிரில் மாட்டிய வினைல் கோடையில் தொய்யும். புது ஹூட்டை ஒரு மணி நேரம் வெயிலில் விரித்து வையுங்கள். பழையதைக் கழற்றியதும் குப்பையில் போடாதீர்கள், ஃபிட்டரும் எடுத்துப்போக விடாதீர்கள். அதன் பின் ஓரத்தில் உள்ள இரும்புப் பட்டை பெரும்பாலும் புது ஹூட்டோடு வராது. பாடியில் இருக்கும் இரண்டு குரோம் கொக்கிகளுக்கு அடியில் போய் உட்காருவது அந்தப் பட்டைதான். முன் ரப்பரைப் பிடிக்கும் அலுமினியச் சட்டத்தையும் வளைக்காமல் எடுங்கள். ரிவெட் தலைகளை 3.2 மி.மீ. பிட்டால் துளைத்தால் கழன்று வரும்.

ஹெடர் ரெயிலில் பழைய பசையை முழுக்கச் சுரண்டி, துருவைத் தேய்த்து, பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். ரெயிலிலும் துணியிலும் நடுப்புள்ளியைக் குறியுங்கள். இரும்புப் பட்டையைப் புதுத் துணியில் பொருத்திப் பின்பக்கத்தை முதலில் கொக்கியில் மாட்டுங்கள். முன் தாழ்ப்பாள்களைப் பூட்டி, கதவுக் கண்ணாடிகளை ஏற்றி, துணியைக் கையால் முன்னுக்கு இழுத்து, ரெயில் விளிம்பை ஒட்டிச் சாக்பீஸ் கோடு போடுங்கள். பிறகு தாழ்ப்பாளைத் திறந்து, அந்தக் கோடு விளிம்பைத் தாண்டி வினைலுக்குச் சுமார் 10 மி.மீ., மோஹேருக்கு அதில் பாதி முன்னால் வரும்படி இழுத்துக் கிளிப் போடுங்கள். இன்னும் பசை இல்லை, வெட்டும் இல்லை. மறுபடி பூட்டிப் பாருங்கள். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் பூட்டுகிறது, தையல் கதவுக் கண்ணாடிக்கு இணையாக ஓடுகிறது, பின் பிளாஸ்டிக்கில் குறுக்குச் சுருக்கம் இல்லை என்றால் சரி. சுருக்கம் இருந்தால் ஒரு பக்கம் அதிகம் இழுத்திருக்கிறீர்கள்.

அதன் பிறகுதான் பசை. வெப்பம் தாங்கும் கான்டாக்ட் பசையை இரண்டு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, நடுவில் தொடங்கி இரு பக்கமும் அழுத்திக்கொண்டே போங்கள். ஒட்டியபின் நகர்த்த முடியாது. கார்ப்பெட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரே பசை ஜூலை வெயிலில் விட்டுப்போகும். பக்கவாட்டு ஸ்டட் கடைசியில்: பாடியிலுள்ள ஸ்டட் தலையில் சாக்பீஸ் தடவி, துணியை அதன்மேல் அழுத்தினால் உள்பக்கம் புள்ளி விழும். அங்கே துளையிடுங்கள். மிச்சத் துணியை வெட்டுவது எல்லாவற்றுக்கும் பிறகு. முதல் இரண்டு வாரம் ஹூட்டை மடிக்காதீர்கள். ஈரமாகவோ குளிராகவோ இருக்கும்போது எப்போதுமே மடிக்காதீர்கள், பிளாஸ்டிக் வெடிக்கும்.

இணையத்தில் வாங்கினால் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லித் திருப்ப உரிமை உண்டு. ஆர்டரின் பேரில் தைத்தது என்று சொல்லிக் கடைக்காரர் மறுப்பார். நீங்கள் கேட்ட அளவுக்கோ நிறத்துக்கோ தனியாகத் தைத்ததற்குத்தான் அந்த விலக்கு. அலமாரியில் அடுக்கி வைத்திருந்த கறுப்பு ஹூட்டுக்குக் கிடையாது. ஆனால் வெட்டிவிட்டால் மதிப்புக் குறைந்த தொகையைக் கடைக்காரர் பிடித்துக்கொள்ளலாம். தகராறு வந்தால் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு (கவுன்சிலின் நுகர்வோர் பாதுகாப்புத் துறைக்கு) நேராகப் போன் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் முதலில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் உதவி எண்ணில் புகார் சொல்ல வேண்டும். அவர்கள்தான் அதை அங்கே அனுப்புவார்கள். ஏமாற்றியவன் அதற்குள் கடைப்பெயரையே மாற்றியிருப்பான். பழைய வண்டிக்கான பூச்சிய வாகன வரிக்கும் வருஷா வருஷம் விண்ணப்பிக்கச் சொல்கிற நாட்டில் வேறென்ன எதிர்பார்ப்பது? கார்டில் பணம் கட்டுங்கள், வங்கி வழியாகவாவது திரும்பக் கேட்கலாம்.

இத்தனைக்கும் பிறகு ஃபிட்டரிடமே கொடுப்பதானால் மூன்று கேள்வி: கூரைக்குக் கீழ் வைத்து வேலை செய்வாரா? பசைக்கு முன் பூட்டிக் காட்டுவாரா? வேலை முடிந்து பூவாளியால் ஊற்றிப் பார்த்தபின் பணம் வாங்கிக்கொள்வாரா? ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.