சோடியம் எலக்ட்ரானைச் சும்மா விட்டுவிடுகிறதா?

கேள்வி: வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரானை எளிதில் இழந்து சோடியம் நிலைத்தன்மை பெறுகிறது என்று படித்தேன். ஆனால் அதன் அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றல்) +5.14 எலக்ட்ரான் வோல்ட் என்று இருக்கிறது. நிலைத்தன்மை கிடைக்கிறதென்றால் ஆற்றல் வெளிவரத்தானே வேண்டும்? கணக்கில் என்ன குறி போடுவது?

பதில்: பிளஸ்தான் சரி. தனியாக இருக்கும் நடுநிலை அணு எதுவுமே எலக்ட்ரானைத் தானாக விடாது. ஹைட்ரஜனுக்கு 13.6, ஹீலியத்துக்கு 24.6, எல்லாவற்றிலும் குறைவான சீசியத்துக்குக்கூட 3.89 எலக்ட்ரான் வோல்ட் கொடுத்தாக வேண்டும். 'எளிதில்' என்பதை மற்ற அணுக்களோடு ஒப்பிட்டுச் சொன்னதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சோடியத்தின் அணுக்கருவில் 11 புரோட்டான்கள். உள்ளே இருக்கும் 10 எலக்ட்ரான்கள் அதை முழுமையாக மறைத்தால், வெளி எலக்ட்ரான் உணர்வது +1 மின்சுமை மட்டுமே. அப்படியானால் மூன்றாவது கூட்டில் இருக்கும் அதை எடுக்க ஹைட்ரஜனின் 13.6-ஐ 3-இன் வர்க்கமான 9-ஆல் வகுத்து 1.51 போதும். உண்மையில் 5.14 ஆகிறது. காரணம், அந்த வெளி எலக்ட்ரான் ஓரளவு உள்கூடுகளுக்குள்ளும் ஊடுருவுகிறது. அங்கே மறைப்பு குறைவு. அது சராசரியாக உணரும் மின்சுமை ஏறக்குறைய +1.84. இந்த ஒரு கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், மறைப்பு விளைவு நன்றாகப் பிடிபடும். இரண்டாவது எலக்ட்ரானை இரண்டாவது கூட்டிலிருந்து எடுக்க வேண்டும். அதற்கு 47.3 ஆகிறது. சோடியம் ஒன்றோடு நிற்பது இதனால்தான்.

அப்புறம், நிலைத்தன்மை எங்கிருந்து வருகிறது? குளோரின் அணு அந்த எலக்ட்ரானை ஏற்கும்போது 3.61 திரும்பக் கிடைக்கிறது. இன்னும் 1.53 பற்றாக்குறை. எதிரெதிர் அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்துப் படிகமாகச் சேரும்போது ஓர் அயனி இணைக்குச் சுமார் 8.2 வெளிப்படுகிறது, பற்றாக்குறை தீர்ந்து மிச்சமும் இருக்கிறது. ஆக, நிலைத்தன்மை உப்புக்கு உரியது; தனிச் சோடியம் அயனிக்கு அல்ல. பாடநூல்கள் இதை ஒரே வரியில் சுருக்குவதால்தான் இவ்வளவு குழப்பம்.

குறியில் கவனம் தேவைப்படுவது குளோரினுக்குத்தான். பல நூல்கள் எலக்ட்ரான் நாட்டத்தை, அதாவது எலக்ட்ரானை ஏற்கும்போது கிடைக்கும் அந்த 3.61-ஐ, நேர்மதிப்பாகவே தரும். அது வெளிவிடும் ஆற்றல் என்பதால் கூட்டும்போது மைனஸ் போடுங்கள். அலகு மாற்ற 96.5-ஆல் பெருக்கினால் மோலுக்கு கிலோஜூல் வந்துவிடும். சோடியத்துக்கு அது 496.