3 அடி ஏறி 3 அடி இறங்கினால் பூஜ்ஜியம், ஆனால் அணை காலியில்லையே?

அணையின் நீர்மட்டம் 3 அடி ஏறி 3 அடி இறங்கினால் விடை பூஜ்ஜியம் வருகிறது, ஆனால் அணை காலியில்லையே என்று உங்கள் மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். விடை பூஜ்ஜியம்தான், அணையும் காலியாகவில்லை, இரண்டுமே சரி. கிருஷ்ணகிரி அணையின் நீர்மட்டத்தை வைத்து உங்கள் மகள் போட்ட (+3) + (−3) = 0 கணக்கில் அந்த 0 தண்ணீரின் அளவு இல்லை, மட்டம் எவ்வளவு மாறியது என்பதுதான். 52 அடி அணையில் காலையில் 48 அடி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், 51க்கு ஏறி மறுபடி 48க்கே வந்து நிற்கிறது.

குழப்பம் பெரும்பாலும் எங்கே வருகிறதென்றால், பூஜ்ஜியம் என்றாலே 'ஒன்றும் இல்லை' என்று சின்ன வகுப்பிலிருந்து நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம், 'கிளம்பிய இடத்துக்கே திரும்பியாச்சு' என்ற அர்த்தமும் உண்டு என்று யாரும் சொல்வதில்லை. அவள் கேட்டது நல்ல கேள்வி, தயவுசெய்து திட்டாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். பாதி நிரம்பிய வாளியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு அதற்கு 0 என்று எழுதச் சொல்லுங்கள். அப்புறம் 2 சொம்பு ஊற்றி, அதே சொம்பால் 2 மொண்டு எடுக்கட்டும். தண்ணீர் கோட்டுக்கே வந்துவிடும், வாளியும் காலியாக இருக்காது.

ஒன்று மட்டும் கவனம், சதவீதத்தில் இப்படி நடக்காது. கிலோ 100 ரூபாய் மாம்பழம் 10 சதவீதம் ஏறினால் 110, அதிலிருந்து 10 சதவீதம் இறங்கினால் 99தான்.