குறைந்த செலவில் ஜாம்பி வெஸ்டர்ன்: மேக்கப் முதல் குதிரை வரை கேள்வி பதில்

1870களின் அரிசோனா, நியூ மெக்சிகோ பின்னணியில், வெஸ்டர்ன் எனும் கௌபாய் படப் பாணியில், சொற்பக் காசில் ஜாம்பி (நடமாடும் பிணம்) படம் எடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி: அண்ணா, ஜாம்பிகளுக்குச் சாம்பல் நிற பவுண்டேஷன் போட்டோம். வெயிலில் பெயின்ட் அடித்த மாதிரி தெரிகிறது. என்ன தப்பு?

பதில்: நிறமே தப்பு. சாம்பலும் பச்சையும் ஈரமண்ணில் புதைந்த பிணத்துக்கு உரியவை. இரவுக் காட்சியில் எடுபடும், உச்சி வெயிலில் தட்டையாகிவிடும். பாலைவனத்தில் செத்த உடம்பு அழுகி முடிவதற்குள் நீர் வற்றி, தோல் எலும்போடு ஒட்டி, கருவாடு மாதிரி பழுப்பேறும். வெஸ்டர்ன் ஜாம்பி காய்ந்துதான் இருக்க வேண்டும். இதை ஏற்றுக்கொண்டால் மேக்கப், ரத்தம், துணி மூன்றிலும் செலவு குறையும்.

புருவத்திலும் முடியோரத்திலும் வாசலின் தடவுங்கள். கன்னத்தோலை இழுத்துப் பிடித்து, லிக்விட் லேடெக்ஸை (திரவ ரப்பர்) ஸ்பாஞ்சால் மெல்லிசாக ஒற்றுங்கள். பிடியை விடாமல் ஹேர் ட்ரையரின் குளிர்காற்றில் காயவைத்துப் பவுடர் போட்டபின் விடுங்கள். சுருக்கம் தானாக விழும். ஆழமான கிழிசல் வேண்டிய இடத்தில் ஒற்றை மடிப்பு டிஷ்யூவும் லேடெக்ஸும் மாற்றி மாற்றி 3 அடுக்கு. பள்ளத்தில் கருஞ்சிவப்புப் பழுப்பு, எலும்பு மேட்டில் வெளிறிய மஞ்சள். கடைசியாகக் கண்ணை மூடச் சொல்லி, முல்தானி மட்டியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். ஹாலிவுட்டிலும் புழுதிக்குப் பல காலமாக இதே வகை மண்தான்.

லேடெக்ஸில் அம்மோனியா இருப்பதால் கண்ணருகே போகக்கூடாது. முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்து, அரிப்பு வந்தால் அந்த நடிகருக்கு வேண்டாம். காயம் மாதிரி தோலில் ஒட்டும் ஜெலட்டின் துண்டுகளைத் தொடவே தொடாதீர்கள், வெயிலில் உருகி வழியும்.

கேள்வி: 20 ஜாம்பிகள், மேக்கப் போட 2 பேர். எப்படிச் சமாளிப்பது?

பதில்: மூன்று தரமாகப் பிரியுங்கள். குளோசப்பில் வரும் 3 பேருக்குத் தலைக்கு 2 மணி நேரம். இடுப்பளவு ஷாட்டில் வரும் 6, 7 பேருக்கு அரை மணி. மிச்சப் பேருக்குத் தொப்பி, கழுத்துக்குட்டை, புழுதி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. 5 நிமிடம் போதும். தொப்பி விளிம்பின் நிழல் பாதி முகத்தை மறைத்துவிடும். வெஸ்டர்னில் கிடைக்கும் பெரிய வசதி இது.

கேள்வி: நிஜத் துப்பாக்கியில் பிளாங்க் தோட்டா போடலாமா? சத்தம் தத்ரூபமாக இருக்குமே?

பதில்: கூடாது. பிளாங்க்கில் குண்டு இல்லையே தவிர, வெடிக்கும் வாயு கிட்டத்தில் ஆளைக் கொல்லும். 1984இல் நடிகர் ஜான் எரிக் ஹெக்ஸம் பிளாங்க் போட்ட துப்பாக்கியை நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டு இறந்தார். 2021 அக்டோபரில் நியூ மெக்சிகோவில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் நிஜத் தோட்டா பாய்ந்து இறந்ததும் சின்ன பட்ஜெட் வெஸ்டர்ன் ஒன்றின் படப்பிடிப்பில்தான். சுடவே முடியாத ரெப்ளிகா (போலித் துப்பாக்கி) வாங்குங்கள், தீப்பொறியை எடிட்டிங்கில் சேருங்கள். சுட்ட அதிர்வு மாதிரி நடிகர் கையை உதறுவதுதான் பாதி நம்பகம். அதை ஒத்திகை பாருங்கள்.

புகையை மறக்காதீர்கள். புகையில்லா வெடிமருந்து பிரான்சில் வந்ததே 1884இல். உங்கள் கதைக்காலத்தில் எல்லாம் கரிமருந்து. ஒவ்வொரு சூட்டுக்கும் வெள்ளைப் புகை மண்டி, சில நொடி எதிரே இருப்பது தெரியாது. புகைக்குள்ளிருந்து ஒரு கை நீளட்டும்.

கேள்வி: மெதுவாக நடக்கும் ஜாம்பி, துப்பாக்கிக்காரனை எப்படிப் பயமுறுத்தும்?

பதில்: 1873 மாடல் கோல்ட் ரிவால்வரில் 6 அறை. பாதுகாப்புக்காகப் பலர் 5 தோட்டாதான் போடுவார்கள். காலியானதும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, வெற்றுக் கூடுகளை ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ளி, புதியதை ஒவ்வொன்றாகத் திணிக்க வேண்டும். பழைய கேப் அண்ட் பால் ரிவால்வர் என்றால் ஒவ்வொரு அறைக்கும் மருந்து, குண்டு, பற்றவைக்கும் கேப் என்று நிமிடக்கணக்கில் ஆகும். இந்த நேரத்தை வெட்டாமல் ஒரே ஷாட்டில் காட்டுங்கள். பலர் இதைத்தான் எடிட்டிங்கில் தூக்கி எறிகிறார்கள், படத்தின் உயிர்நாடியே அங்கே போய்விடுகிறது.

கேள்வி: குண்டடிக்கு ஸ்குவிப் (சட்டைக்குள் வெடிக்கும் சின்ன வெடி) வாங்க வசதியில்லை.

பதில்: தேவையுமில்லை. காய்ந்த பிணத்திலிருந்து புழுதிதான் தெறிக்க வேண்டும். 6 மி.மீ. டியூபைச் சட்டைக்குள் விட்டு, நுனியில் 2 ஸ்பூன் முல்தானி மட்டியும் ஒரு சிட்டிகை காவிப்பொடியும் அடைத்து, டிஷ்யூவால் மூடி ஒட்டுங்கள். சட்டையில் ஓட்டையை முன்பே கிழித்து வையுங்கள். மறுமுனையில் கால் பம்ப்பை ஒரே மிதி. தட்டிவிட்டால் அடுத்த டேக்குக்கு அதே சட்டை. ரத்தம் என்றால் டேக்குக்கு ஒரு சட்டை போய்விடும். மைதாவோ சோளமாவோ வேண்டாம்: வியர்வையில் பசையாகும், காற்றில் பறக்கும்போது விளக்குச் சுடர் பட்டால் குப்பென்று பற்றும். சுற்றி நிற்பவர்கள் மாஸ்க் போடட்டும்.

கேள்வி: உயிருள்ளவர்கள் கடிபடும்போது ரத்தம் வேண்டுமே?

பதில்: அங்கே கஞ்சத்தனம் கூடாது; வறண்ட படத்தில் அந்தச் சிவப்புதான் கண்ணில் அடிக்கும். 750 மில்லி லிக்விட் குளுக்கோஸ், 250 மில்லி தண்ணீர், சிவப்பு புட் கலர், 2 டேபிள்ஸ்பூன் கோகோ பவுடர், நீலம் 2 சொட்டு. கோகோ இல்லாவிட்டால் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். துணிக்கு மட்டும் போவதில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் ஓரளவு துவைத்து எடுக்கலாம். வாயில் போவதில் கலக்காதீர்கள். ஈ மொய்க்கும், மூடி வையுங்கள்.

கேள்வி: ஜீன்ஸ், பெல்ட், ஸ்னாப் பட்டன் சட்டை போதுமா?

பதில்: ரிவெட் (உலோக ஆணி) வைத்த ஜீன்ஸ் பேண்ட்டுக்கு லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் காப்புரிமை வாங்கியது 1873இல். ஆனால் அதில் பெல்ட் லூப் வந்தது 1922இல். லூப்பைக் கத்தரித்துத் தோள்வார் மாட்டுங்கள். ஜிப் வைத்த பேண்ட்டும் ஸ்னாப் பட்டன் சட்டையும் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. முழங்கால், முழங்கை, காலர் ஓரங்களை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, டீ டிகாக்‌ஷனில் ஊறப்போட்டு, முறுக்கியபடியே காயவிடுங்கள்.

கேள்வி: இரவில் எடுக்க லைட் இல்லை. பகலில் எடுத்து இரவாக்கலாமா?

பதில்: தாராளமாக. ஒயிட் பேலன்ஸ் 3200 கெல்வின், எக்ஸ்போஷர் 2 ஸ்டாப் குறைவு, சூரியன் நடிகரின் முதுகுக்குப் பின்னால். ஃபிரேமில் வானம் வரக்கூடாது. தவிர்க்க முடியாவிட்டால், சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போது வானத்தை இருட்டாக்கும் போலரைஸர் ஃபில்டர். லாந்தர் எரிவது வெயிலில் தெரியாது, அந்த ஷாட்டுகளைச் சாயங்காலத்துக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி: 20 பேரை 60 பேராகக் காட்ட?

பதில்: டிரைபாடைப் பூட்டி, ஆட்களை இடம் மாற்றி 3 தடவை எடுத்து ஒட்டுங்கள். 10 நிமிடத்துக்குள் முடியுங்கள், நிழல் நகர்ந்தால் ஒட்டு தெரியும். தொப்பிகளை மாற்றுங்கள். ஒட்டும் கோட்டைத் தாண்டிப் புழுதி பறக்கக்கூடாது.

கேள்வி: குதிரை ஜாம்பியைப் பார்த்து மிரளுமா?

பதில்: மிரளும். முகம் மாறியவர்கள் குதிரைக்கு அந்நியமாகவே தெரிவார்கள். மேக்கப் போட்டவர் முதலில் தூரத்தில் நின்று பேசட்டும், பிறகு பராமரிப்பாளரோடு மெதுவாகப் பக்கவாட்டில் வந்து மோந்து பார்க்க விடட்டும். நேர் பின்னாலிருந்து யாரும் நெருங்கக் கூடாது. கூட்டம் பாயும் ஷாட்டில் குதிரை வேண்டாம்: குதிரைமேல் இருப்பவரின் முகம் தனியாக, கூட்டம் தனியாக எடுத்து வெட்டி ஒட்டுங்கள். பராமரிப்பாளர் போதும் என்றால் அத்தோடு நிறுத்த வேண்டும், டைரக்டராக இருந்தாலும்.