வாலிபால் ஆடப் போகலாமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில் இளைஞர் மன்றம் நடத்துகிறோம். போன பொங்கல் விளையாட்டுப் போட்டியில் இரண்டு தெருவுக்கும் தகராறு. அன்று ராத்திரி போலீஸ் வந்து கையில் கிடைத்தவர்களை அள்ளிக்கொண்டு போனது. மூன்று பேர்மேல் வழக்கு. அதில் ஒருவன் சண்டை நடந்த இடத்திலேயே இல்லை. இப்போது புதிதாக வந்திருக்கும் இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரி. மன்றத்தோடு வாலிபால் ஆடலாம், வாட்ஸ்அப் குழு தொடங்கலாம், கஞ்சா, மணல் திருட்டு பற்றித் தகவல் கொடுங்கள் என்கிறார். பெரியவர்களோ ஸ்டேஷன் வாசப்படியை மிதிக்காதே என்கிறார்கள். போகலாமா?

(பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

போங்கள். வாலிபால் ஆடுவதில் தப்பே இல்லை. ஆனால் ஆடி முடித்து டீ குடித்துக் கலைந்தால் அந்த உறவு அடுத்த திருவிழா வரைதான் தாங்கும். அடுத்த தகராறு நடக்கிற ராத்திரியில் புகார், வழக்கு எழுதுகிற ஸ்டேஷன் ரைட்டர் மேஜையில் என்ன எழுதுகிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம். இன்ஸ்பெக்டரிடம் அதைப் பேசுங்கள்.

பெரியவர்கள்மேல் வருத்தப்படாதீர்கள். கீழ்வெண்மணி உங்கள் ஊரிலிருந்து அதிக தூரம் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிகளின் சேரியில் குடிசைக்குத் தீ வைத்ததில் 44 பேர் எரிந்து செத்தார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்கள் 1973-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். போலீசும் கோர்ட்டும் யாருக்கானவை என்று அந்தத் தலைமுறை அன்றைக்கே முடிவு கட்டிவிட்டது. அடுத்து வந்தவர்கள் 2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிவுக்காகத் திரண்ட மக்கள்மேல் தடியடி நடந்ததைப் பார்த்தார்கள். 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி பக்கம், ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன பைக்கை ஒரு இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் உதைத்ததில், பின்னால் உட்கார்ந்திருந்த பாபநாசம் பக்கத்துப் பெண் விழுந்து இறந்துபோனார். இங்கே பைக் ஓட்டுகிற பையன்கள் அதை மறக்கவில்லை. புது இன்ஸ்பெக்டர் நல்லவர் என்பதால் இதெல்லாம் இல்லையென்று ஆகிவிடாது. அவரும் ஒருநாள் மாற்றலாகிப் போவார்.

விடியற்காலையில் வாய்க்கால் கரையில் பையன்கள் ஓடுகிறார்களே, எதற்கு? இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு. 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். ஓடாதவர்களுக்குச் சிங்கப்பூர், துபாய் கனவு. போலீசைக் கண்டு ஒதுங்குகிற பையனேதான் போலீஸாகவும் ஆசைப்படுகிறான். ஒரு எஃப்.ஐ.ஆரில் அவன் பெயர் நுழைந்தால் போலீஸ் வேலை, வெளிநாடு இரண்டுமே சிக்கலாகிவிடும். ஆபாசமாகத் திட்டினான், கையால் அடித்தான், கொலைமிரட்டல் விட்டான்: தெருச்சண்டை எதுவானாலும் பெரும்பாலும் இந்த மூன்றும் சேர்ந்தே வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 294(பி), 323, 506(2). 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351(3). எழுதுகிறவருக்கு அது இரண்டு வரி. ஆனால் தமிழ்நாடு காவலர் பணி விதிப்படி, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்யப்பட்டவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். சண்டையில் இல்லாத உங்கள் பையன் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்து வெளியே வந்தாலும், காக்கிச்சட்டை அவனுக்குக் கிடைக்காமல் போகலாம். இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஆகவே நேராகக் கேளுங்கள். பெயர் சேர்ப்பதற்கு முன்னால் அவன் அங்கே இருந்தானா என்று விசாரிப்பீர்களா? எல்லார் செல்போனிலும் வீடியோ இருக்கிறது, நாங்களே கொண்டுவந்தால் பார்ப்பீர்களா? 18 வயது ஆகாதவன் என்றால், சின்னத் தகராறுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டாம், பொது நாட்குறிப்பில் எழுதி, குடும்பச் சூழ்நிலை அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016-ம் வருஷத்து மாதிரி விதிகள் சொல்கின்றன. அவனை லாக்கப்பில் வைக்கவே கூடாது. நாள் முழுக்க பந்தோபஸ்து நின்று களைத்த ஏட்டுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு இதெல்லாம் ஞாபகம் வர வேண்டும். அவரும் பெரும்பாலும் உங்கள் வீடு மாதிரி ஒரு வீட்டிலிருந்து வந்தவர்தான். அதனால் ஆட்டத்துக்கு இன்ஸ்பெக்டர் மட்டும் வந்தால் போதாது, ரைட்டரும் ஏட்டும் வரட்டும் என்று கேளுங்கள்.

மணல் விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் எதுவும் போடாதீர்கள். மணல் வண்டிக்காரனின் மச்சானும் அதே குழுவில் இருப்பான். தகவல் சொன்னவன் பெயர் ஒருமுறை டீக்கடைக்கு வந்துவிட்டால், அப்புறம் அந்த ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதலில் மோட்டார் ஒயர் திருட்டு, ஆடு திருட்டு மாதிரி விஷயங்களில் பாருங்கள். அலையவிடாமல் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தருகிறார்களா? எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும், தருகிறார்களா? அது ஒழுங்காக நடந்தால் மணலுக்கு வரலாம்.

அடையாள அட்டை, தொப்பி என்று ஏதாவது கொடுத்தால் வாங்காதீர்கள். போலீசுக்கு உதவும் தன்னார்வலர்களின் காவல் நண்பர்கள் அமைப்பு (Friends of Police) 1993-ல் ராமநாதபுரத்தில் அப்போதைய எஸ்.பி. பிரதீப் வி. பிலிப் நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் போலீஸ் அடித்துச் செத்த பிறகு, 2020 ஜூலையில் அரசு அதைத் தடை செய்தது. போலீஸ் பக்கம் நின்று வண்டி மறிக்கிற பையன் ஊருக்கு அந்நியனாகிவிடுகிறான். வெள்ளத்தில் மணல் மூட்டை அடுக்கக் கூப்பிட்டால், கஜா புயலில் விழுந்த மரங்களை வெட்டி வழி விட்ட மாதிரி, மொத்த மன்றமும் போங்கள்.

அப்புறம் அந்த மூன்று பேர். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால், அங்கே இல்லாத பையனுக்காக இப்போதே எழுத்தில் மனு கொடுங்கள். அவன் எங்கே இருந்தான் என்று சொல்லக்கூடியவர்களின் பெயரையும் சேருங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். புது இன்ஸ்பெக்டர் எப்படிப்பட்டவர் என்பது அந்த மனுவை அவர் என்ன செய்கிறார் என்பதில் தெரிந்துவிடும். குற்றப்பத்திரிகை போட்டாயிற்று, ஆனால் இரண்டு தெருவும் சமாதானமாகிவிட்டது என்றால், வழக்கை ரத்து செய்யச் சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் தாலுகா கோர்ட்டில் இருக்கும் வட்டச் சட்டப்பணிகள் குழுவிடம் போங்கள். பாஸ்போர்ட்டுக்கும் வழி இருக்கிறது. வழக்கு நடக்கும்போதே நீதிமன்ற அனுமதியோடு பாஸ்போர்ட் வாங்க 1993-ம் வருஷத்து மத்திய அரசு அறிவிப்பு இடம் தருகிறது. வழக்கை மறைத்து மட்டும் விண்ணப்பிக்க வேண்டாம். மூன்று பேரில் யாராவது வெளிநாடு போகக் காத்திருந்தால், ஏஜெண்டிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த அனுமதியை வாங்கச் சொல்லுங்கள்.